திரும்பும் வரிசை

என் கடையில் மின்விசிறி கிடையாது. ஏப்ரல் வெயிலிலும் கிடையாது. இந்தப் பர்மிய நகரின் லத்தாப் பேட்டையில் என் மாடிக்கு ஏறி வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் தண்ணீர் கேட்பார்கள். காய்ந்த வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு ஒரு பெருமூச்சுக்கே ஒடிந்துவிடும் என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? இந்தச் சயா ஐயாவின் உடம்பில் வேர்வையே ஊறாதா என்று கீழே மொஹிங்கா மீன்சேவை விற்கிற அம்மாள் இருபது வருஷமாகக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள்.

அதனால்தான், மா ஸமீரா, உங்கள் கப்பல் ஊழியர் சங்கத்தில் என்னை உட்காரவைத்தபோது தலைக்கு மேல் சுற்றிய விசிறியை நிறுத்தச் சொன்னேன். பழக்கதோஷம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேசுங்கள், கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறேன் என்றீர்கள். நான் தாள் கேட்டேன். தமிழ் பேச வரும், படிக்க எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும் என்று நீங்களே சொன்னீர்கள். பரவாயில்லை. மெதுவாகப் படிக்கிறவர்களுக்குத்தான் இது சரியாக விளங்கும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. என் தம்பி மகளின் புருஷன் விநாயகமூர்த்தியை ஊருக்கு வரவழைக்க வேண்டிய விண்ணப்பம் ஜூலை மாதமே உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை? அதற்கு மட்டும் பதில் சொன்னால் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்னை எடைபோடுவது நியாயமில்லை என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

என் பெயர் நல்லையா. வயது அறுபத்தொன்று. வண்ணத்துப்பூச்சிகளை விரித்து, ஊசி குத்தி, கண்ணாடிப் பெட்டியில் அடைத்துத் தருவது என் தொழில். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வந்த காலத்தில் பெரிய பெரிய பச்சை, நீலச் சிறகுகளைத்தான் கேட்பார்கள். பளபளப்பாக இருந்தால் போதும் அவர்களுக்கு. எது, எங்கே பிடித்தது, எந்தத் தேதி என்று ஒருவர் கேட்டதில்லை. பிடித்த இடமும் தேதியும் எழுதாத பூச்சி வெறும் அலங்காரம், அவ்வளவுதான். அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

என் தம்பி போன பிறகு அவன் மகள் தமிழரசிக்கு நான்தான் எல்லாம். மூர்த்தியை எனக்குப் பிடித்திருந்தது, நானே நின்று கல்யாணத்தை நடத்திவைத்தேன். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிற வேலை அவனுக்கு. பொறுமைசாலி. இருவரும் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் குடியிருந்தார்கள். அங்கே அவர்கள் இருக்கிற பக்கத்தில் வீடுகளுக்கு எண் கிடையாது. தபால் வர வேண்டுமென்றால் டவுனில் யாராவது ஒரு கடைக்காரர் பெயரைப் போட்டுத்தான் எழுதுவார்கள், அந்தப் பக்கத்து வழக்கம் அது. மூர்த்திக்கு வருகிற, மூர்த்தி எழுதுகிற எல்லாம் என் கடை முகவரிக்குத்தான் வரும்.

போன வருஷம் ஜனவரியில் அவன் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரம் போட்டது. சரக்கை இறக்கினார்கள். அதோடு கப்பல் முதலாளி தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். எண்ணெய் இல்லை, சம்பளம் இல்லை, கரைக்கு இறங்க அனுமதியும் இல்லை. பதினொரு பேர் அந்த இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் கோப்பில் இல்லாதது மே மாதம் நடந்தது.

மே மாதம் ஒரு காலையில் அவனிடமிருந்து கைப்பேசியில் ஒரு குரல்செய்தி வந்தது.

"மாமா, பூச்சி வருது மாமா. விடிஞ்சதுலேர்ந்து நிக்கல. சின்னச் சின்னதா, பழுப்புக் கலரு, நடுவுல ஆரஞ்சுத் திட்டு. மூஞ்சில மூக்கு நீட்டிக்கிட்டிருக்கு. காட்டுப் பக்கத்துலேர்ந்து வருது, கப்பலத் தாண்டிப் போவுது. ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல. எல்லாம் ஒரே பக்கமாப் போவுது."

அதை நான் பதினொரு தடவை கேட்டேன். மூக்கு நீண்ட அந்தப் பூச்சிக்குத் தமிழில் பெயர் இல்லை. நான் மூக்கன் என்று வைத்துக்கொண்டேன். ஆப்பிரிக்க மழைக்காடுகளில் இருக்கிறது. மழை தொடங்குகிற சமயத்தில் லட்சக்கணக்கில் கிளம்பி ஒரு பக்கமாகப் போகும், மழை ஓய்ந்த பிறகு எதிர்ப்பக்கமாகத் திரும்பி வரும் என்று என்னிடமிருக்கிற புத்தகம் சொல்கிறது. திரும்புவது போனவையா, அவற்றின் பிள்ளைகளா என்பது அந்தப் புத்தகத்துக்கும் தெரியவில்லை. ஒரே மனிதர், ஒரே இடத்தில் நின்று, போகிறதையும் திரும்புகிறதையும் நாள்வாரியாகப் பிடித்து அடுக்கிய வரிசை எங்கேயாவது இருக்கிறதா? நான் கேள்விப்பட்டதில்லை. அப்படிப் பிடிக்க வேண்டுமானால் அந்த மனிதர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். யார் இருப்பார்கள்?

பிடிக்கிற விதத்தை அவனுக்குச் சொன்னேன். சிறகைத் தொடக் கூடாது. நெஞ்சை இரண்டு விரலால் ஒரு நொடி அழுத்தினால் போதும், வலிக்காது. முக்கோணமாக மடித்த தாளுக்குள் சிறகு மூடிய நிலையில் வைத்து, வெளியே இடமும் தேதியும் எழுத வேண்டும். அவன் விரல்களில் எப்போதும் எண்ணெய் இருக்கும், கசக்கி வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். முதல் கட்டு வந்து பிரித்தபோது என் கண் கலங்கிவிட்டது. ஒரு கால்கூட ஒடியவில்லை.

ஜூனில் குடிதண்ணீருக்காக எல்லோரும் கைப்பேசிகளை விற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு கடிதம்தான். வியாழக்கிழமைதோறும் துறைமுகத்துப் பாதிரியார் ஒருவர் படகில் வந்து வாங்கிப்போய்த் தபாலில் போடுவார். பர்மியில் எழுதினால் முதலாளியின் ஆளான தலைமை அதிகாரி பிரித்துப் படித்துவிட்டு, சோறு தண்ணீர் பற்றிய வரிகளை அடித்துவிடுவார். அதனால் மூர்த்தி தமிழில் எழுதினான். கப்பலில் வேறு யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. மௌலமைன்காரர் அமீர் அலி கூட இருந்தார், அவருக்குப் பேச மட்டும்தான் வரும். தமிழரசிக்கும் அப்படியே. பெயர்தான் தமிழரசி, ஒரு எழுத்து தெரியாது.

தனிக்கடிதம் எழுதினால் மாமா மேஜையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார் என்று அவனுக்குப் பயம். அது உண்மைதான். பூச்சியின் முக்கோணத்தை மட்டும் வந்த கையோடு பிரிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். எனவே சொல்ல வேண்டியதை எல்லாம் முக்கோணத்தின் உள்பக்கம் எழுதினான். ஒவ்வொரு பூச்சியும் ஒரு கடிதத்துக்குள் படுத்துக்கொண்டு வந்தது. நான் பூச்சியை எடுத்து, காய்ந்த உடம்பு இளக ஈரப்பெட்டியில் வைப்பேன், தாளை நீவிப் படிப்பேன், தேதி வாரியாக அடுக்கிவைப்பேன். அப்படி அந்தக் கப்பலைப் பற்றி முழுதாகத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

ஜூலை முதல் வாரம் அந்த விண்ணப்பப் படிவம் வந்தது. முதல் கட்டமாக இரண்டு பேரை விமானத்தில் அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அமீர் அலி, மூர்த்தி. இரண்டு குடும்பமும் கையெழுத்திட்டு, வார்டு ஆபீஸ் சிபாரிசோடு அசல் தாளை உங்கள் சங்கத்தில் கொடுக்க வேண்டும். தமிழரசி இரண்டே நாளில் முடித்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் தனக்கா மரப்பட்டைச் சாந்து, இடுப்பில் பெண் குழந்தை. சைக்கா ரிக்‌ஷாவிலும் படகிலும் மாறி மாறி வந்ததில் வியர்த்துக் கொட்டியிருந்தது. தாள் மட்டும் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"பெரியப்பா, நானே கொண்டுபோயிக் குடுத்துட்டுப் போவட்டா? பக்கந்தானே."

"புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு வரிசைல நிக்கப்போறியா? நான் இங்கதானே இருக்கேன். வச்சிட்டுப் போ."

"மறக்க மாட்டீங்களே?"

"நான் எப்ப மறந்தேன்?"

அன்று நான் கொடுக்கத்தான் நினைத்தேன். இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு நடந்தே வந்தேன். என் கடையிலிருந்து உங்கள் சங்கத்துக்கு இருபது நிமிடம். நீங்கள்தான் எனக்குச் சீட்டுக் கொடுத்து உட்காரச் சொன்னீர்கள், தேநீரும் கொடுத்தீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அன்று கூட்டம் அதிகம்.

பெஞ்சில் உட்கார்ந்தபோது பூச்சி திரும்ப வேண்டிய செப்டம்பர் மாதம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு என்னிடம் நூற்றுப்பன்னிரண்டு மூக்கன்கள் இருந்தன. எல்லாம் போகிற வரிசை. திரும்பும் வரிசையில் ஒன்றுகூட இல்லை. அவனுக்கு இணையான விரல் அந்தக் கரையில் வேறு யாருக்கு இருக்கிறது? இப்போது அவன் கிளம்பிவிட்டால் அந்த நூற்றுப்பன்னிரண்டும் பாதிக் கதைதான். என் எண்ணைக் கூப்பிட்டீர்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டீர்கள். தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

வரும் வழியில் ஒரு நியாயமும் கிடைத்தது. மூர்த்திக்கு முப்பத்துமூன்று வயது. இங்கே வார்டுக்கு வார்டு பட்டாளத்துக்குப் பெயர் எழுதிச் சீட்டுக் குலுக்குகிற காலம். வந்து இறங்குகிறவனை யார் விட்டுவைப்பார்கள்? கடலில் இருப்பவனை எந்தச் சீட்டும் தொடாது. அவன் அங்கே இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது. இந்த யோசனை படியிறங்கிய பிறகுதான் வந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பதால் ஒரு நியாயம் பொய்யாகிவிடாது.

மூர்த்திக்கு எழுதினேன். தாளைக் கொடுத்தாயிற்று, மழை முடிந்த பிறகுதான் ஆகும் என்கிறார்கள், தைரியமாக இரு, செப்டம்பரில் பூச்சி திரும்பும், ஒரு நாள்கூடத் தவறவிடாதே என்று. தமிழரசியிடமும் கொடுத்துவிட்டேன் என்றே சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் படகேறி எனக்கு மீன்குழம்பு கொண்டுவருவாள். நன்றாகவே சமைப்பாள்.

ஜூலையும் ஆகஸ்டும் பூச்சி இல்லாத மாதங்கள். மூர்த்தியோ முக்கோணம் மடிப்பதை விடவில்லை. கட்டு கனமாக வரும், ஆசையோடு பிரிப்பேன், உள்ளே எழுத்து மட்டும்தான் இருக்கும். அரிசியில் புழு. மழைத்தண்ணீரைத் தார்ப்பாயில் பிடித்துக் குடிக்கிறோம். ஈறு வீங்கி ரத்தம் வருகிறது. குட்டி இப்போது என்ன பேசுகிறது, என் போட்டோவைப் பார்த்தால் யார் என்று தெரிகிறதா. அந்தத் தாள் என்ன ஆயிற்று என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் மாமா. பூச்சி இல்லாத முக்கோணத்தைப் பிரிப்பது எனக்குப் பிடிக்காது. வெறும் தாளை அப்படி மடித்து அனுப்பாதே, ஏமாற்றமாக இருக்கிறது என்று அவனுக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டு எழுதினான். அதற்குப் பிறகு அனுப்பவில்லை.

அவன் கணக்கு வேறு. நிறையப் பிடித்தால் மாமா சந்தோஷப்படுவார், சந்தோஷப்பட்டால் சீக்கிரம் ஆபீஸுக்கு நடையாய் நடப்பார் என்று நினைத்திருந்தான். அமீர் அலி பிறகு என்னிடம் சொன்னார். கொஞ்சம் மோசமாகப் பிடித்திருந்தால், சிறகை இரண்டு தடவை கசக்கி அனுப்பியிருந்தால், நான் அந்தப் பெஞ்சிலேயே அவனை மறந்துவிட்டுத் தாளைக் கொடுத்திருப்பேன். அவனுக்கு இதை யார் சொல்வது? நான் சொல்லவில்லை.

தமிழரசிக்கு அவன் எழுதியதைப் படித்துக் காட்டுவேன். ஈறு, புழு இவற்றை விட்டுவிடுவேன். குட்டியைப் பற்றிய வரிகளைப் படித்தால் அழுவாள், அழுதால் தானே ஆபீஸுக்குப் போகிறேன் என்பாள், எனவே அவற்றையும் பெரும்பாலும் விட்டுவிட்டேன். எஞ்சியதில் அவன் சௌக்கியமாக இருந்தான். ஆகஸ்டில் ஒரு தடவை அவள் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தாள்.

"ஒருக்கா நானும் போயிக் கேட்டுட்டு வரேனே பெரியப்பா. அவுங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல, மனசு எரங்குவாங்க."

"போயிப் போயிக் கேட்டா கடுப்பாயி பைலத் தூக்கி அடியில வச்சிருவாங்க. எத்தன பேருக்கு அப்பிடி ஆயிருக்கு. நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தாள். சிறுவயதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

செப்டம்பர் பதினெட்டாம் தேதி அமீர் அலி என் மாடிக்கு வந்தார். அவர் குடும்பம் ஜூலையிலேயே தாளைக் கொடுத்திருந்தது, அவரை அனுப்பிவிட்டார்கள். ஆள் பாதியாகியிருந்தார், லுங்கி இடுப்பில் நிற்கவில்லை. கையில் மூர்த்தி கொடுத்தனுப்பிய சிகரெட் பெட்டி.

"நல்லையாண்ணே, மூர்த்திக்கு விட்டு விட்டுக் காய்ச்சலு. மாத்திர எல்லாம் தீந்துபோச்சு. எங்கூடவே வந்திருக்க வேண்டியவன். அவன் பேப்பரு மட்டும் வந்து சேரலேன்னு ஏஜெண்டு சொல்றான். என்னாச்சு?"

"குடுத்தாச்சு. ஆபீஸ்ல எங்கியோ கெடக்கு."

"அவன் எடத்த இன்னும் வச்சிருக்காங்கண்ணே. இந்த மாசம் முப்பது வரைக்கும். அதுக்குள்ள பேப்பரு போவலேன்னா கப்பல் சமையக்காரனுக்குக் குடுத்துருவாங்க. அந்த ஒடம்பு தாங்காது, பாத்துக்குங்க. நான் டாலாவுக்குப் போயி தமிழரசி காதுலயும் போட்டுடறேன்."

"நீங்க ஏன் அலையிறீங்க? ஒங்க சம்சாரம் மௌலமைன்ல வழிய பாத்துக்கிட்டிருக்கும். தமிழரசிகிட்ட நான் சொல்றேன்."

அவர் என்னை நம்பிப் பஸ் ஏறினார். நான் சிகரெட் பெட்டியைத் திறந்தேன். ஆறு முக்கோணம். ஆறிலும் பூச்சி. திரும்பும் வரிசையின் முதல் ஆறு. சிறகு ஓரங்கள் தேய்ந்திருந்தன, ஆரஞ்சுத் திட்டு வெளிறியிருந்தது, எவ்வளவோ தூரம் பறந்தவை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தமிழரசி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவளிடமும் காட்டினேன். அழகா இருக்கு பெரியப்பா என்றாள். காய்ச்சலைப் பற்றி நான் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில். செப்டம்பர் முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு அந்த விண்ணப்பம் என் மேஜை இழுப்பறையில், பாச்சை உருண்டைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று மழை இல்லை. எனக்குக் கால் வலி இல்லை. உங்கள் சங்கம் திறந்திருந்தது. அதைக் கொடுத்தால் அவன் வருவான், கொடுக்காவிட்டால் அநேகமாக அங்கேயே முடிந்துவிடுவான் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆறு பூச்சியை வைத்துக்கொண்டு ஒரு வரிசை என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்தது முப்பது வேண்டும். இழுப்பறையை மூடினேன். மத்தியானம் வரை ஒரு பூச்சியின் இடது உணர்கொம்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அக்டோபர் பதினாலாம் தேதி மூர்த்தி இறந்தான். நவம்பரில் பாதிரியாரிடமிருந்து பெட்டி வந்தது. அதில் தமிழரசிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம், அவன் கைக்கடிகாரம், நான் கடைசியாக எழுதி அவன் பிரிக்காமலே போன கடிதம், முப்பத்தொரு முக்கோணம். நெஞ்சை மெதுவாக அழுத்து, போன தடவை இரண்டு நசுங்கியிருந்தன என்றுதான் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேன். நல்ல வேளை, படிக்கவில்லை. முக்கோணங்களில் கையெழுத்து கோணல்மாணலாகப் போயிருந்தது. எழுந்து நிற்க முடியாமல் மேல்தளத்தில் படுத்தபடியே, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவற்றைப் பிடித்திருக்கிறான். கடைசித் தாளில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மாமா, கையி நடுங்குது. செறகு ஒடிஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க. அந்தப் பேப்பரு வந்தா எனக்குத் தாக்கல் சொல்லுங்க. இவ்ளோ பூச்சியும் தெரியாத ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வருதே மாமா, எனக்கு மட்டும் ஏன் வழி தொறக்கல."

தமிழரசியிடம் உடனே போய்ச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். பெட்டி வந்த அன்றே பூச்சிகளை ஈரப்பெட்டியில் போட்டுவிட்டேன். காய்ந்தது இளக ஒன்றிரண்டு நாள் ஆகும், இளகியதைப் பலகையில் விரித்தே ஆக வேண்டும், பாதியில் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். முப்பத்தொன்றையும் விரித்து முடிக்க எட்டு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் படகேறி டாலாவுக்குப் போய்ச் சொன்னேன். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு கொண்டுவந்தாள். பால் மறந்த பிறகு குட்டி நன்றாகச் சாப்பிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் சாப்பிட்டேன்.

டிசம்பரில் செய்தி கேள்விப்பட்டு அமீர் அலி மௌலமைனிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார். முப்பதாம் தேதிக் கெடுவைப் பற்றி அவர் பேசப்போய்த்தான் அது அவளுக்குத் தெரிந்தது. இருவரும் சேர்ந்து என் மாடிக்கு வந்தார்கள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"பேப்பரக் குடுத்தீங்களா இல்லியா?"

"இழுப்பறைல இருக்கு."

அமீர் அலி இழுப்பறையைத் திறந்து, அந்த உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"அவரு எழுதினதெல்லாம் எங்க?"

ஒரு தாளைக்கூட நான் தூக்கிப் போட்டதில்லை. தேதி வாரியாக எடுத்துவைத்தேன்.

"படிங்க. ஒரு வார்த்த விடாமப் படிங்க."

படித்தேன். கிட்டத்தட்ட இருநூறு தாள். புழு, ஈறு, தார்ப்பாய்த் தண்ணீர், குட்டியைப் பற்றிக் கேட்டது எல்லாவற்றையும் படித்தேன். தெளிவாகத்தான் படித்தேன், என் குரல் உடையவில்லை. அவள் குழந்தையின் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கேட்டாள். கடைசித் தாளை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அதையும் படித்தேன்.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பூச்சிகளை அடுக்கிய இழுப்புத்தட்டைத் திறந்து காட்டினேன். மேலே போகிற வரிசை, நூற்றுப்பன்னிரண்டு. கீழே திரும்பும் வரிசை, முப்பத்தேழு. மேலே இருப்பவை எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், கீழே இருப்பவை இடப்பக்கம். ஒவ்வொன்றின் ஊசியிலும் சின்னச் சீட்டில் தேதி, இடம், அதற்குக் கீழே பிடித்தவர் வி. விநாயகமூர்த்தி என்று என் கையால் எழுதியிருக்கிறேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் ரயில் பாதையில் கல் உடைத்தும் செத்துப்போன எங்கள் குடும்பத்தில் யார் பெயரும் எங்கேயும் எழுதப்பட்டதில்லை. இவன் பெயர் நூற்றுநாற்பத்தொன்பது இடத்தில் இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். அவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் உறையைத் துடைத்து, நேராக உங்களிடம் வந்துவிட்டாள். அந்த இருபது நிமிடத் தூரத்தைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டே நடந்ததாக நீங்கள் சொன்னீர்கள்.

அவளுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும், சின்னப் பெண். நான் மூர்த்திக்குக் கெடுதல் நினைத்தவனல்ல. போன வருஷம் முழுக்க அவனைப் பற்றி நான் நினைத்த அளவுக்கு வேறு யாரும், அவள் உள்பட, நினைத்திருக்க முடியாது. எந்த நாளில் அவன் எழுந்து நின்றான், எந்த நாளில் உட்கார்ந்தான், எந்த நாளில் படுத்தான் என்று சிறகுகளைப் பார்த்தே என்னால் சொல்ல முடியும். இதற்குப் பாசம் என்றுதான் பெயர்.

நான் கையெழுத்துப் போடுகிறேன். தாளைக் கொடுக்காதது நான்தான். தெரிந்தே கொடுக்கவில்லை. இதை எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்புங்கள்.

உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும். திரும்பும் வரிசை முழுமையாகவில்லை. அக்டோபர் பதினொன்றுக்குப் பிறகு ஒன்றும் இல்லை, பூச்சியோ நவம்பர் வரைக்கும் பறக்கும். அந்தக் கப்பலில் இன்னும் மூன்று பேர் இருப்பதாகவும் அவர்கள் குடும்பத்தார் விண்ணப்பம் கொடுத்துவிட்டதாகவும் பக்கத்து அறையில் பேசிக்கொண்டார்கள். நான் எழுதிக்கொண்டிருக்கிற இந்த மேஜையின் ஓரத்தில்தான் மூன்றும் இருக்கின்றன. இந்தச் சனிக்கிழமை அனுப்பப்போகிறீர்கள் என்று தெரிகிறது. மூன்றையும் நிறுத்தச் சொல்லவில்லை, மா ஸமீரா. கை நடுங்காத ஆளாகப் பார்த்து, ஒன்றை மட்டும் வருகிற நவம்பர் வரை தள்ளிவைத்தால் போதும்.